ரெண்டு எஞ்சினுக்கு ரெண்டு புத்தி

போர் விமான சிமுலேட்டரில் இரட்டை எஞ்சின் விமானத்தை ஓடுபாதையில் நேராக ஓட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது. எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் லீவர் இரண்டும் ஒட்டி நிற்கும். திரையிலோ இடது எஞ்சின் 92%, வலது 88%. மூக்கு வலப்பக்கம் இழுக்கும். கூடுதல் எரிபொருளை எரித்து உந்துதலை ஏற்றும் ஆஃப்டர்பர்னர் இன்னும் கொடுமை: ஒன்று பற்றும், மற்றது சும்மா கிடக்கும்.

உடனே சிமுலேட்டரின் எஞ்சின் மாடலைத் திட்டாதீர்கள், ஆக்சிஸைப் பாருங்கள், அதாவது லீவரின் நகர்வைச் சிமுலேட்டர் எண்ணாகப் படிக்கும் தடத்தை. லீவரின் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்தாலோ தூசி படிந்தாலோ இரு லீவரும் ஒரே மதிப்பைத் தராது. முதலில் கேலிப்ரேஷன், அதாவது லீவரின் இரு எல்லைகளையும் கணினிக்குக் காட்டிக்கொடுப்பது. அப்புறமும் ஒரு பக்கம் உச்சத்தைத் தொடாவிட்டால், அந்த ஆக்சிஸுக்கு மட்டும் சாச்சுரேஷன் எக்ஸை (லீவர் எவ்வளவு நகர்ந்தால் உச்சம் என்ற அளவு) 100லிருந்து 95க்கு இறக்குங்கள். கர்வ் (நகர்வுக்கு ஏற்ப மதிப்பு ஏறும் வளைவு) இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட எரிச்சல், புதுக் கருவியைச் செருகியதும் பெடல் ஆக்சிஸையும் திராட்டிலோடு சிமுலேட்டர் தானாகக் கோத்துவிடுவது. கேட்காத உபகாரம்! கன்ட்ரோல் அமைப்புப் பட்டியலில் ஒவ்வொரு கருவியின் நெடுவரிசையிலும் அந்த இணைப்பைத் தேடி அழிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் விமானமான மாஸ்கிட்டோ ஒரு விதிவிலக்கு. அதன் இரண்டு மெர்லின் எஞ்சின்களும் ஒரே திசையில் சுழல்வதால் டேக்ஆஃபில் இடப்பக்கம் இழுப்பது நிஜம். இடது திராட்டிலைச் சற்று முந்தவிட வேண்டும். அதே காலத்து அமெரிக்க பி-38 விமானத்தின் ப்ரொப்பெல்லர்கள் எதிரெதிராகச் சுழல்பவை. அதுவும் இழுத்தால், சந்தேகமே வேண்டாம், லீவரைக் கழற்றித் துடையுங்கள்.