நியூயார்க் சட்டம் யாரையும் நிரபராதி ஆக்குவதில்லை

"கணவன் அடித்தான் என்று சொன்னால் போதும், நியூயார்க்கில் கொலைக் கேசிலிருந்து வெளியே வந்துவிடலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்காக நியூயார்க் மாநிலத்தில் 2019இல் வந்த சட்டம் குற்றத் தீர்ப்பைத் தொடுவதே இல்லை, தண்டனைக் காலத்தை மட்டுமே குறைக்கிறது. அதுவும் தானாகக் கிடைக்காது. குற்றம் நடந்தபோது கடுமையான குடும்ப வன்முறைக்கு ஆளாகியிருந்தார், குற்றத்துக்கு அது முக்கியக் காரணம், வழக்கமான தண்டனை மிகக் கடுமையானது என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். கொலைகளில் மிகக் கடுமையானதாகச் சட்டம் கருதும் முதல் நிலைக் கொலைக்கு இது பொருந்தாது. இரண்டாம் நிலைக் கொலை என்றால், சலுகை கிடைத்த பிறகும் 5 முதல் 15 ஆண்டு சிறை.

ஏற்கெனவே சிறையில் இருப்பவர், 8 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றிருந்தால்தான் மனுவே போட முடியும். கூடவே இரண்டு ஆதாரம் வேண்டும். அவற்றில் குறைந்தது ஒன்று மருத்துவமனைப் பதிவு, போலீஸ் அறிக்கை, சாட்சி சத்தியம் செய்து தந்த வாக்குமூலம் மாதிரி இருக்க வேண்டும். அடி வாங்கியதை வெளியே சொல்லவே பயந்து வாழ்ந்தவர், பத்து வருடம் கழித்து அந்தக் காகிதத்துக்கு எங்கே போவார்? என்னைக் கேட்டால், இந்தச் சட்டத்தின் உண்மையான குறை இதுதான்.