காருக்கு வேக்ஸ் போட்டால் சுழல் கீறல் போய்விடுமா?

மேலே ஒரு அண்ணன், "நல்ல வேக்ஸ் போட்டாலே சுழல் கீறல் அடியோடு போய்விடும், மெஷின் பாலிஷ் பெயிண்டைத் தின்றுவிடும்" என்று எழுதியிருக்கிறார். முதல் பாதி தவறு. அந்தக் கீறல்கள் கிளியர் கோட்டில், அதாவது பெயிண்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சில், விழுந்த நுண்ணிய பள்ளங்கள். வேக்ஸ் அவற்றை நிரப்பி மறைக்கும், அவ்வளவுதான். நம்ம ஊர் மழையிலும் வெயிலிலும் வேக்ஸ் தேய்ந்ததும், வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடி கார் நிறுத்துமிட விளக்கடியில் பாருங்கள்: விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல எல்லாம் திரும்ப வந்திருக்கும். கருப்புக் கார் என்றால் கேட்கவே வேண்டாம்.

கீறலைப் போக்க, சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் கீறலின் அடிமட்டம் வரை இறக்கித்தான் ஆகவேண்டும். மெஷின் செய்வது அதைத்தான். கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இருக்கும். மென்மையான பாலிஷ் எடுப்பது ஓரிரு மைக்ரான். அடிக்கடி செய்யக்கூடாது, அது சரி. பயமாக இருந்தால் ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் வேண்டாம், சுழன்றபடியே அசைந்தாடும் டூயல் ஆக்‌ஷன் எடுங்கள். ஒரே இடத்தில் அவ்வளவு சூடேறாது. பானட் விளிம்புகளில் டேப் ஒட்டுங்கள், அங்கே கோட் மெல்லிசு. அப்புறம், முதலில் ஒரு சாண் இடத்தில் மட்டும் மென்மையான பேடால் செய்து, கீறலை மறைக்கும் பாலிஷ் எண்ணெய் போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள். அதன் பிறகும் கீறல் தெரியவில்லை என்றால்தான் உண்மையிலேயே போயிருக்கிறது.