தோண்டுகிறவரை மட்டும் விரட்டி என்ன ஆகப்போகிறது?

அமேசான் காட்டில் தங்கம் தோண்டுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ராணுவத்தை அனுப்பி விரட்ட வேண்டியதுதானே என்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் விரட்டியும் பார்த்தாயிற்று.

பெரு நாட்டின் மத்ரே தே தியோஸ் பகுதியில் லா பம்பா என்று ஓர் இடம். 2019 பிப்ரவரியில் அரசு அங்கே போலீசையும் ராணுவத்தையும் இறக்கியது, நடவடிக்கையின் பெயரே 'மெர்க்குரி', அதாவது பாதரசம். ஆயிரக்கணக்கானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த இடத்தில் தோண்டல் வெகுவாகக் குறைந்தது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பலர் மோட்டாரையும் குழாயையும் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனார்கள். ஆண்டீஸ் மலைக் கிராமங்களில் பிழைக்க வழியில்லாமல் இறங்கி வந்தவர்கள் அவர்களில் நிறைய. உலகம் முழுக்க ஒன்றரைக் கோடிப் பேர் இப்படிச் சிறிய அளவில் தங்கம் எடுத்துப் பிழைப்பதாகக் கணக்கு, பெண்களும் குழந்தைகளும் உட்பட.

லா பம்பா பக்கம் தங்கம் கட்டியாகக் கிடைப்பதில்லை. மாவு மாதிரி ஆற்று வண்டலில் கலந்து கிடக்கிறது. மரத்தை வெட்டி எரித்துவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, அந்தச் சேற்றைச் சரிவில் விரித்த கம்பளத்தின் மேல் ஓடவிட்டு, அதில் தங்கும் கனமான மணலில் பாதரசத்தை ஊற்றிப் பிசைகிறார்கள். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த உருண்டையைத் துணியில் பிழிந்து நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகித் தங்கம் மிஞ்சும்.

ஆவியான பாதரசம் எங்கே போகிறது? முதலில் காய்ச்சுகிறவரின் நுரையீரலுக்கு, அப்புறம் மழையோடு காட்டுக்கும் ஆற்றுக்கும். மனிதர்கள் காற்றில் கலக்கும் பாதரசத்தில் 38 சதவீதம் இந்தத் தொழிலிலிருந்து வருவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் மதிப்பிட்டது. நிலக்கரி எரிப்பதுகூட அதற்குப் பின்னால்தான். தேங்கிய தண்ணீரில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக, அதாவது உடம்பில் சேர்ந்து தங்கும் நஞ்சாக மாற்ற, சின்ன மீன், அதைத் தின்னும் பெரிய மீன் என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் கர்ப்பிணியின் உடம்பு வழியாகச் சிசுவின் மூளை வரை போய்ச் சேர்கிறது. அந்தப் பெண் வாழ்நாளில் ஒரு குண்டுமணித் தங்கம்கூடத் தொட்டிருக்க மாட்டாள். மீனைக் குறைத்துக்கொள் என்று அவளுக்கு அறிவுரை சொல்கிறோம், வேறு எதைத் தின்பாள்?

பிரேசிலின் யனோமாமி பழங்குடி மக்களுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. 1992இலேயே அவர்களுக்கென்று எல்லை வரையறுத்துக் கொடுத்த நிலம் அது. அதற்குள் பல்லாயிரம் பேர் தங்கம் தேடி நுழைந்தார்கள். தோண்டிப் போட்ட குழிகளில் கொசு, கூடவே மலேரியா. ஆறு கலங்கியது, வேட்டை விலங்குகள் ஓடிப்போயின. குழந்தைகள் பட்டினியில் எலும்பும் தோலுமாகிப்போய், 2023 ஜனவரியில் அரசே சுகாதார நெருக்கடி அறிவித்தது.

அதே பிரேசிலில் 2013இலிருந்து ஒரு சட்டம் இருந்தது. தங்கம் விற்க வருபவர் இது இந்த இடத்தில் எடுத்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், வாங்குபவர் நல்லெண்ணத்தோடு வாங்கினார் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும்! பத்து வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். காட்டில் வெயிலில் நிற்கிறவர் மேல் ஹெலிகாப்டர் பறந்தது, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எடை போட்டு வாங்குகிறவர் ஒரு தாளோடு தப்பித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை உருக்கிச் சேர்த்துவிட்டால் எந்தக் குழித் தங்கம் எந்தக் கட்டியில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்வது பெரும்பாடு. அதனால் உருக்குவதற்கு முன்னால் பிடித்தாக வேண்டும்.

பாதரச ஆவியை மூடிய பாத்திரத்தில் திரும்பப் பிடிக்கும் எளிய கருவி இருக்கிறது, அதைத் தோண்டுகிறவர் கையில் கொடுக்க வேண்டும், பழக்கவும் வேண்டும். வாங்குகிறவர் விஷயத்தில் எனக்கு இரக்கம் இல்லை. எந்தக் குழி, யாருடைய நிலம், அனுமதி உண்டா என்று அவர் காட்டட்டும், காட்ட முடியாவிட்டால் உரிமத்தைப் பிடுங்குங்கள். லா பம்பாவுக்குள் ராணுவத்தை அனுப்பிய அதே வேகத்தில்.