எத்தனையாவது இடம்?

கல்லூரித் தரவரிசையை நம்புகிறவர்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்ததை ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளை ஆண்டுதோறும் வரிசைப்படுத்தும் பத்திரிகை யுஎஸ் நியூஸ். 2021 செப்டம்பரில் வந்த அதன் பட்டியலில் கொலம்பியாவுக்கு 2ஆம் இடம். அதே இடத்தில் ஹார்வர்டும் எம்ஐடியும். 1988இல் இதே பட்டியலில் 18ஆவதாக இருந்த பல்கலைக்கழகம் அது. இவ்வளவு உயரத்துக்கு எப்படி வந்தோம் என்ற கேள்வி அங்கேயே கணிதப் பேராசிரியராக இருக்கும் மைக்கேல் தாடியஸுக்கு வந்தது. பல்கலைக்கழகம் பத்திரிகைக்குக் கொடுத்த எண்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 20 பேருக்கும் குறைவாக உள்ள வகுப்புகள் 82.5 சதவீதம் என்று கொடுத்திருந்தார்கள். எல்லோரும் பார்க்கக்கூடிய பாட அட்டவணையை வைத்து அவர் எண்ணினார். 67 சதவீதம்கூட வரவில்லை. முழுநேர ஆசிரியர்களில் நூற்றுக்கு நூறு பேரும் தங்கள் துறையின் உச்சப் பட்டம் பெற்றவர்கள் என்றிருந்தது. அதுவும் நிற்கவில்லை. 2022 பிப்ரவரியில் எல்லாவற்றையும் தன் இணையப் பக்கத்தில் போட்டார். சில மாதங்களில் பல்கலைக்கழகமே தவறை ஒப்புக்கொண்டது. அந்த செப்டம்பரில் கொலம்பியா போய் நின்ற இடம் 18.

வேலை பார்க்கும் இடத்தின் பெயர் கெடும் என்று தெரிந்தே ஒருவர் இதைச் செய்தார் பாருங்கள், அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் நான் சொல்ல வருவது வேறு. அந்த ஒரு வருடத்தில் அந்த வளாகத்தில் என்ன மாறியது? அதே ஆசிரியர்கள், அதே நூலகம், அதே ஆய்வகங்கள். 2ஆம் இடத்தில் இருந்தபோது சேர்ந்த பிள்ளைக்கு 18ஆம் இடத்துக்கு வந்ததும் படிப்பு குறைந்துவிட்டதா? ஒரு படிவத்தில் நிரப்பிய எண்கள் மாறின, அவ்வளவுதான்.

சரி, எண்களை நேர்மையாகவே கொடுத்தால்? அங்கேயும் சிக்கல்தான். இந்த வகுப்பு அளவையே எடுத்துக்கொள்வோம். 20 பேருக்குக் குறைவாக இருந்தால் முழு மதிப்பு என்று வைத்ததும், 19 இடத்தோடு வகுப்பை மூடிவிடுவது ஓர் உத்தியாகிவிட்டது. ஒரு துறையில் பத்து வகுப்புகள் என்று வையுங்கள். ஒன்பது வகுப்புகளில் தலா 19 பேர், ஒன்றில் 200 பேர். "எங்கள் வகுப்புகளில் 90 சதவீதம் சிறியவை" என்று அந்தத் துறை எழுதலாம், அதில் பொய்யே இல்லை. ஆனால் மொத்தம் 371 இருக்கைகளில் 200 இருக்கைகள் அந்தப் பெரிய அரங்கில்தான் இருக்கின்றன. அதாவது பாதிக்கு மேல். கடைசி வரிசையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் பிள்ளையின் அனுபவம் அந்த 90இல் எங்கே இருக்கிறது? 2023இல் இந்த அளவுகோலையே யுஎஸ் நியூஸ் எடுத்துவிட்டது. அதுவரை அதை நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு யார் பொறுப்பு?

இந்தப் பட்டியல் பிறந்த கதையும் முக்கியம். 1983இல் முதல்முறை வந்தபோது அது வெறும் கருத்துக் கேட்பு. எந்தக் கல்லூரி சிறந்தது என்று கல்லூரித் தலைவர்களிடமே கேட்டார்கள். நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் என்ன நடக்கிறது என்று எந்த மனிதருக்கும் தெரியாது, ஏற்கெனவே காதில் விழுந்த பெயரைத்தான் எழுதுவார். அந்தக் கருத்துக்கு இன்றும் 20 சதவீத மதிப்பு இருக்கிறது. பெயர் இருப்பதால் மேலே வருகிறது, மேலே வருவதால் பெயர் நிலைக்கிறது. இந்தச் சுழலுக்குள் ஒரு புதிய கல்லூரி நுழைய வேண்டுமென்றால் என்னதான் செய்யும்? சிலர் குறுக்கு வழிக்குப் போகிறார்கள். டெம்பிள் பல்கலைக்கழக வணிகப் பள்ளியின் முன்னாள் தலைவர், தரவரிசைக்குப் பொய்த் தரவு கொடுத்த வழக்கில் 2022இல் 14 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

போட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் 1829இல் முதல் படகுப் போட்டி நடத்தின. ஹார்வர்டும் யேலும் 1875 முதல் அமெரிக்கக் கால்பந்தில் மோதுகின்றன. 1982இல் அவர்கள் ஆடிக்கொண்டிருந்த மைதானத்தின் நடுவே எம்ஐடி மாணவர்கள் புதைத்து வைத்திருந்த பலூன் பூமியைப் பிளந்துகொண்டு ஊதிப் பெரிதானது. 2004இல் யேல் மாணவர்கள் ஹார்வர்டு ஆட்களைப் போல வேடமிட்டு, ஹார்வர்டு ரசிகர்கள் கையிலேயே அட்டைகளைக் கொடுத்துத் தூக்கச் சொன்னார்கள். சேர்த்துப் படித்தால் "நாங்கள் மட்டம்" என்று வந்தது. இதெல்லாம் இளமையின் அழகு, எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கட்டும். யாருடைய எதிர்காலமும் இதில் பணயம் இல்லை. பட்டியல் போட்டியில் பணயம் வைக்கப்படுவது விண்ணப்பிக்கும் பிள்ளைகள்.

முதலிடத்தில் இருப்பவர்களுக்கே இது புரிந்துவிட்டது. யுஎஸ் நியூஸின் சட்டக் கல்லூரிப் பட்டியல் தொடங்கியதிலிருந்து 2022 வரை யேல்தான் முதலிடம். 2022 நவம்பரில் அந்த யேல் சட்டக் கல்லூரியே விலகுவதாக அறிவித்தது. பொதுநலப் பணிக்குப் போகும் மாணவர்களையும், வசதியில்லாதவர்களுக்கான உதவித்தொகையையும் இந்த முறை ஊக்குவிப்பதில்லை என்றது. அன்றே ஹார்வர்டும் விலகியது. பட்டியல் நின்றதா? இல்லை. வெளியில் கிடைக்கும் தரவை வைத்து அவர்களையும் சேர்த்தே வரிசைப்படுத்தினார்கள்.

"அப்படியானால் பெரிய பெயரால் பயனே இல்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஸ்டேசி டேல், பொருளியலாளர் ஆலன் க்ரூகர் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களை ஒப்பிட்டார்கள். அதிகம் வடிகட்டும் கல்லூரிக்குப் போனவரும் போகாதவரும் பின்னாளில் ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பலன் தெரிந்தது. பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவின் 2023 ஆய்வு, சராசரி வருமானத்தில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டாலும் உச்சியில் இருக்கும் 1 சதவீதத்துக்குள் போகும் வாய்ப்பை இந்தக் கல்லூரிகள் நன்றாகவே கூட்டுகின்றன என்றது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: ஒரே தேர்வு மதிப்பெண் எடுத்தாலும், அந்த உச்ச 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளை இக்கல்லூரிகளில் சேர்ந்து படிக்கும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். யாருக்கு உண்மையில் பலனோ அவர்களுக்குக் கதவு குறுகல்.

எனக்கு இதில்தான் ஆத்திரம். 2017இல் இதே செட்டி குழு, அடித்தட்டு 20 சதவீதக் குடும்பத்திலிருந்து வந்து மேல்தட்டு 20 சதவீதத்துக்கு உயர்ந்தவர்கள் எந்தக் கல்லூரியில் அதிகம் என்று கணக்கெடுத்தது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மொத்த மாணவர்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேர் அப்படி உயர்ந்தவர்கள். ஹார்வர்டு, யேல் வகைக் கல்லூரிகளில் 2 சதவீதத்தை ஒட்டியே நின்றது. பிள்ளைகளை இவ்வளவு உயரம் தூக்கிவிடும் கல்லூரியின் பெயரை, பட்டியலின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கும் பெற்றோர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள்.

அதனால் இந்தக் கல்லூரி எத்தனையாவது என்று என்னிடம் யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இவைதான். முதல் வருடப் பாடங்களை எடுப்பது யார், பேராசிரியரா, ஆராய்ச்சி மாணவரா? ஒரு பாடத்தில் தோற்ற பிள்ளைக்கு அங்கே யார் உதவுகிறார்கள்? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்து வெளியே வருகிறார்கள், எவ்வளவு கடனோடு? உங்கள் பிள்ளை படிக்கப் போகும் அந்தத் துறையில் இப்போது படிக்கும் மாணவர்கள் இருவரிடமாவது பேசினீர்களா? இவற்றுக்கெல்லாம் மழுப்பும் கல்லூரி பட்டியலில் 5ஆவதாகவே இருந்தாலும், அங்கே சேருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.