டார்க் கலர் அடித்தால் தெரியாதாம்!

"பேசாம டார்க் கலர் அடிச்சிடுங்க சார், ஓதம் வெளியில தெரியாது."

19,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஈரம் கசியும் எங்கள் படுக்கையறைச் சுவரைச் 'சரிசெய்த' ஆள், இன்று காலை அதே சுவர் முன்னால் நின்று என்னிடம் சொன்ன வார்த்தை இது. மணி இரவு பத்தாகிவிட்டது, இன்னும் எனக்கு ஆறவில்லை.

வந்த முதல் நாளே சொன்னேன். அந்தச் சுவருக்கு நேர் மேலே மாடி வீட்டுக் குளியலறை. அவர்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எங்கள் சுவரில் கறை ஒரு சாண் கீழே இறங்கும். மேலே போய்ப் பாருங்கள் என்றேன். போனாரா? விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். உள்ளங்கையால் தடவினார். தள்ளி நின்று பார்த்துவிட்டு மறுபடி வந்து தட்டினார். "ஓதம்தான் சார்" என்றார். அது தெரிந்துதானே ஐயா உங்களைக் கூப்பிட்டேன்! "மேல பாத்ரூம்..." என்று மறுபடி ஆரம்பித்தேன். "புட்டி வெச்சா நின்னுடும் சார்" என்று, பெயின்டுக்கு முன் சுவரைச் சமமாக்கப் பூசும் பசையைச் சொல்லி அங்கேயே முடித்துவிட்டார்.

மறுநாள் ஒன்பது மணிக்குச் சுரண்டினார்கள். பதினோரு மணிக்கு ஈரச் சுவரின் மேலேயே புட்டி. சாப்பிட்டு வந்து தேய்ப்பு, ப்ரைமர். அடுத்த நாள் இரண்டு கோட் பெயின்ட். காய வேண்டாமா என்று கேட்டால், ஃபேனைப் போட்டுவிடச் சொன்னார்கள். பன்னிரண்டாம் நாள் கொப்புளம். தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்து, உள்ளே வெள்ளையாக உப்பு.

எந்த பெயின்ட் அடித்தாலும் இதுதான் நடக்கும். செங்கல் குடித்த தண்ணீர் ஆவியாகித்தான் வெளியே போக வேண்டும். போகும்போது சுவருக்குள் இருக்கிற உப்பையும் இழுத்து வருகிறது. மேலே பெயின்ட் அடைத்துக்கொண்டிருந்தால், அந்த உப்பு அடியில் படிகமாகி அதை உரித்துத் தள்ளுகிறது. தண்ணீரை நிறுத்தாமல் தோலை மட்டும் மாற்றி என்ன பயன்? மாடிக் குளியலறையில் நஹானி ட்ராப்பை, அதாவது தரையில் தண்ணீர் வெளியேறும் வாயை, துணியால் அடைத்து, தண்ணீர் தேக்கி, மட்டத்தைக் குறித்து வைத்து ஒரு நாள் விட்டுப் பார்த்தால் தரை ஒழுகுகிறதா என்று தெரிந்துவிடும். ஒரு பழந்துணி, ஒரு நாள். இதைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறார்களே!

மாடிக்காரர் இன்னொரு பக்கம். "எங்க வீட்டுல ஒண்ணும் லீக் ஆகலையே." தண்ணீர் எங்கள் வீட்டில் அல்லவா இறங்குகிறது, உங்கள் வீட்டில் எப்படித் தெரியும்?

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முடிச்சூரில் மாமாவின் மளிகைக் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். பொங்கலுக்குள் திறந்துவிடலாம் என்று ஒரு ஆள் அவசர அவசரமாகப் புட்டி, பெயின்ட், சுவரோடு ஒட்டிப் புது ப்ளைவுட் ராக் எல்லாம் போட்டுக் கொடுத்தார். அப்படி ஊறிய ஒன்பது அங்குலச் சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். சித்திரை பிறப்பதற்குள் ராக் உப்பி, பின்னால் கரும்பூசணம் பிடித்து, அரிசியெல்லாம் வாடை. மாமா மூட்டை மூட்டையாகக் கொட்டினார்.

எங்கள் வீட்டிலும் கறை இப்போது சீலிங்குக்கு ஏறிவிட்டது. உள்ளே கம்பி துருப்பிடித்தால் பருத்து, கான்கிரீட்டையே பிளந்து கீழே தள்ளும். அந்த அறையில்தான் அம்மா படுப்பார். இழுப்பு உள்ளவர். பூசண வாடை தாங்காமல் ஹாலில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார். டார்க் கலர் அடித்தால் அம்மாவின் நெஞ்சுக்கும் தெரியாதா?

அந்த ஆளை அனுப்பிவிட்டு கேட் பக்கம் வந்தால், தெருவில் ரோடு போடுகிறார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு! நாங்கள் குடிவந்த புதிதில் தெருவிலிருந்து மூன்று படி ஏறி வீட்டுக்குள் வருவோம். இப்போது ஒரு படி இறங்குகிறோம்.