டீன் நாற்காலியும் கடைசி பெஞ்சும்

பீரோவில் பொன்னாடை மட்டும் நாற்பதுக்கு மேல் இருக்கிறது. போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டு எண்ணினேன். அதில் நாலு, பள்ளிக்கூடங்களில் போர்த்தியவை. ஒரு பல்கலைக்கழகத்தில் (பெயர் வேண்டாம்) ஆறு வருடம் கல்வியியல் புலத்துக்கு டீனாக இருந்தேன். அந்த ஆறு வருடத்தில் நான் பள்ளிக்கூட வாசலை மிதித்தது அந்த நாலு தடவைதான். நாலு தடவையும் காரிலிருந்து இறங்கி நேரே மேடைக்குப் போனேன். ஆசிரியர்களை உருவாக்கும் இடத்துக்குத் தலைவி நான்!

இதை இப்போது எழுதக் காரணம் பழைய மாணவி ஒருத்தி. வேறோர் ஊரில் டீன் ஆகியிருக்கிறாள். காரைக்குடிக்குப் போன் போட்டு, "மேடம், முதல்ல எதைக் கையில எடுக்கட்டும்?" என்று கேட்டாள். கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழுவுக்கான ஃபைல், பாடத்திட்டக் குழு என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாள். "பக்கத்து ஸ்கூல்ல வாரத்துக்கு ஒரு பீரியட் கேட்டு வாங்கு. நீயே பாடம் நடத்து" என்றேன். சிரித்தாள். வயதானவள் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அதைவிட நல்லதாக எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

என் கதையைச் சொன்னால் புரியும். பி.எட். முடித்த கையோடு எம்.எட்., உடனே விரிவுரையாளர் வேலை. பள்ளியில் நான் பாடம் நடத்தியது பி.எட். படித்தபோது நாற்பது நாள் மட்டும். கல்வி உளவியலை முப்பது வருடம் நடத்தினேன். முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்குப் பயம். வினாத்தாளைக் கட்டுக்கட்டாகக் கொடுத்து நிரப்பி வாங்கினேன். அதில் ஒரு பிள்ளையின் முகமாவது நினைவிருக்கிறதா என்றால், இல்லை. பட்டம் கிடைத்துவிட்டது.

இதில் என்னை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. பல்கலைக்கழகத்துக்குள் கல்வியியல் துறை என்றாலே ஓர் இளக்காரம் உண்டு. இயற்பியல்காரர்களுக்கு நாங்கள் "டிரெய்னிங் காலேஜ் ஆளுங்க". பள்ளிக்கூடத்தாருக்கோ நாங்கள் தியரி பேசுகிறவர்கள். இரண்டு பக்கமும் மரியாதை வேண்டுமென்றால் எந்தப் பக்கம் சாய்வோம்? சம்பளமும் பதவி உயர்வும் இருக்கிற பக்கம்தான். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, பேராசிரியர்களின் பதவி உயர்வுக்குப் புள்ளி போடும் ஏபிஐ முறையை 2010இல் கொண்டுவந்த பிறகு இது இன்னும் இறுகிவிட்டது. ஆய்வுக் கட்டுரை போட்டால் புள்ளி. கருத்தரங்கில் படித்தால் புள்ளி. பயிற்சி மாணவி பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, அவள் எங்கே தடுமாறுகிறாள் என்று குறிப்பெடுத்தால் ஆய்வுக் கணக்கில் ஒன்றும் கிடையாது. அப்புறம் யார் போய் உட்காருவார்கள்? நான் போகவில்லை. இளையவர்களை அனுப்பினேன். அவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். எனக்கு அது தெரியும்.

2015இல் பி.எட். இரண்டு வருடமானது. இரண்டாம் வருடத்தில் பதினாறு வாரம் பள்ளியிலேயே இருக்க வேண்டும் என்று, ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவான என்சிடிஇயின் விதி வந்தது. நல்ல விதி, இன்றைக்கும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் பதினாறு வாரம் பிள்ளைகளை அனுப்பிய நாங்கள் எத்தனை நாள் பின்னாலேயே போனோம்? ஒரு தலைமையாசிரியர் என்னிடம் நேராகவே சொன்னார்: "மேடம், லீவு போட்ட டீச்சருக்குப் பதிலா ஒங்க பிள்ளைங்கதான் க்ளாஸ் பாக்குதுங்க. வேற வழியில்ல." அதைக் கேட்டு நான் செய்த காரியம், ஒரு சுற்றறிக்கை அனுப்பியது.

எங்கள் ஐயா சின்ன வயதில் பர்மாவுக்குப் போனது பெட்டியடிப் பையனாக. வட்டிக்கடையில் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை. அப்புறம் அடுத்தாள், அதற்கும் பிறகு மேலாள். பெட்டியடியில் உட்காராமல் யாரும் மேலாள் ஆனதாக அவர் சொல்லிக் கேட்டதில்லை. மேலாள் ஆன பிறகும் ராத்திரி பேரேட்டைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் படுப்பாராம். எங்கள் தொழிலில் மட்டும் பெட்டியடிக்கே போகாமல் மேலாள் ஆகலாம்.

அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 1947இல் கலைக் கல்லூரி தொடங்கினார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1950இல், பொறியியல் கல்லூரி 1952இல். இந்த வரிசையை நான் நிறைய யோசித்திருக்கிறேன். இன்ஜினியருக்கு முன்னால் வாத்தியார் வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தன் துறைக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். கல்வியைப் பற்றிப் பேசுகிறவனுக்குப் பிள்ளைகள் கண்முன் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகம் கல்வியியல் துறையை இழுத்து மூடிவிட்டது. பள்ளிக்கூடம் இன்னும் நடக்கிறது. இதை நான் வகுப்பில் ஒரு தகவலாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன், பல வருடம்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். ஆத்தங்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போக, தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். ஏழாம் வகுப்பு, செவ்வாயும் வியாழனும். முதல் பாடம் பரப்பளவு. லெசன் பிளான் பிரமாதமாக எழுதிக்கொண்டு போனேன். உள்ளூர் உதாரணம் என்று தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொண்டதில் எனக்குப் பெருமை வேறு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, எட்டங்குலக் கல், எத்தனை கல் வேண்டும்? 'மாணவர் செயல்பாடு' என்ற கட்டத்தில், "அடியை அங்குலமாக மாற்றுவர்" என்று முதல் நாளே எழுதி வைத்திருந்தேன்.

கரும்பலகையில் கேள்வியை எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் மூன்றாவது வரிசைப் பையன், "இருநூத்தி எழுவது, டீச்சர்" என்றான்.

"எப்படிடா?"

"சதுர அடிக்கு ரெண்டேகால் கல்லு."

"கால் கல்லு எப்படிடா போடுவாங்க?"

"இதுக்கு ஒடைக்க வேணாம் டீச்சர். பதினஞ்சு வரிசை, வரிசைக்குப் பதினெட்டு. சரியா உக்காந்துரும். ஆனா அப்பா இருவது கல்லு கூடத்தான் வாங்கச் சொல்லுவாக."

அவன் அப்பா கல் பதிக்கிறவர். நான் பலகையில் சதுர அங்குலக் கணக்கில் 144ஐயும் 64ஐயும் வைத்துக்கொண்டு நின்றேன். மற்ற பிள்ளைகள் என்னை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

இதோடு நிறுத்தினால் கிராமத்துப் பிள்ளையின் அறிவு என்று ஒரு நல்ல கதையாகிவிடும். ஆனால் அடுத்த வாரம் அதே பையனிடம் 9/4ஐ 120ஆல் பெருக்கு என்று நோட்டில் எழுதிக் கொடுத்தேன். பேனாவைக் கடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தான். வாயில் ரெண்டேகாலாக இருப்பது காகிதத்தில் 9/4 ஆனதும் அவனுக்கு ஏன் அந்நியமாகிறது? இரண்டுக்கும் நடுவில் பாலம் போடுவது எப்படி? நான் முப்பது வருடம் நடத்திய உளவியலில் இதற்குப் பக்கம் தேடினேன். அந்தப் பையனுக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றும் அகப்படவில்லை. மூன்று வழி முயன்றுவிட்டேன். மூன்றாவது கொஞ்சம் வேலை செய்தது, கல்லை வரைந்து நாலாகப் பிளந்து எண்ணச் சொன்னது. டீனாக இருந்தபோது இந்தப் பையன் எனக்குக் கிடைத்திருந்தால் பாடத்திட்டத்தில் பாதியை மாற்றியிருப்பேன். கணக்குப் பயம் பற்றிய அந்த ஆய்வேட்டை வேறு மாதிரி எழுதியிருப்பேன் என்பது நிச்சயம்.

டீனுக்கு எங்கே நேரம் என்று கேட்பீர்கள். வாரத்துக்கு முக்கால் மணி நேரம். பொன்னாடை போர்த்திக்கொள்ள நான் செலவழித்த நேரத்தைவிடக் குறைவு. இதை யார் விருப்பத்துக்கும் விடக்கூடாது, டீன் நியமன உத்தரவிலேயே ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும் என்பேன். விருப்பத்துக்கு விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி.

நேற்று அந்தப் பழைய மாணவி மறுபடி கூப்பிட்டாள். எட்டாம் வகுப்பு கேட்டு வாங்கிவிட்டாளாம், புதன்கிழமை மூன்றாவது பீரியட். "மேடம், அந்த நேரத்துல துணைவேந்தர் மீட்டிங் போட்டா என்ன பண்றது?" என்றாள். நானாக இருந்தால் மீட்டிங்குக்குத்தான் போயிருப்பேன் என்று உண்மையைச் சொன்னேன்.