ரெண்டு சம்பளம் தெரியுது, ரெண்டு இஎம்ஐ தெரியலையா?

"ரெண்டு பேரும் கை நிறைய சம்பாதிக்கிறீங்க, இன்னும் என்ன வாடகை வீடு?"

காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம், எங்கே போனாலும் இதே பாட்டு. இனி யாராவது கேட்டால் எங்கள் இரண்டு கல்விக் கடன் ஸ்டேட்மென்ட்டையும் கையில் கொடுத்து, பந்தியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசிக்கச் சொல்லப் போகிறேன்.

நானும் அவரும் இன்ஜினியரிங். படிக்க வாங்கியது ஆளுக்கு நாலு லட்சம். அதற்கு மேல் போனால் ஜாமீனுக்கு வேறு ஆள் தேட வேண்டும் என்றார்கள். வட்டி 11 சதவீதம். அவர் வீட்டு ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்ததால் படித்த காலத்து வட்டியை மத்திய அரசின் மானியம் பார்த்துக்கொண்டது. என் அப்பாவின் வருமானம் அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. கொஞ்சம்தான்! தாண்டினால் பாதி மானியம், கால் மானியம் என்றெல்லாம் அப்போது கிடையாது, ஒரு பைசா இல்லை. நாலு வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருட அவகாசம், அத்தனை நாளும் வட்டி ஓடி அசலில் ஏறி, கட்ட ஆரம்பிக்கும்போது 5.54 லட்சமாக நின்றது. பத்து வருடத்துக்கு மாதம் 7,600 சொச்சம். முதல் தவணையில் 5,000 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போனது. அவருடையது 5,500. ஆக மாதம் பிறந்தால் 13,000 ரூபாய் காலி. அதற்குப் பிறகுதான் வாடகை, மளிகை, கேஸ் எல்லாம்.

சம்பளம் என்ன கொட்டுகிறதா? பெரிய ஐடி கம்பெனிகள் புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்கும் ஆரம்பச் சம்பளம் பத்துப் பதினைந்து வருடமாக மூன்று, மூன்றரை லட்சத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. கல்லூரி ஃபீஸும் சென்னை வாடகையும் அப்படியா உட்கார்ந்திருக்கின்றன?

"கட்டுற வட்டிக்கு வரிவிலக்கு உண்டேப்பா" என்று ஒரு சித்தப்பா. உண்டு. எட்டு வருடத்துக்கு, பழைய வரிமுறையில் இருந்தால் மட்டும். புதிய முறையில் எங்கள் சம்பளத்துக்கு வரியே வராது. வராத வரிக்கு எதற்கு விலக்கு? அதே வங்கி வாசலில் கார் லோன் போஸ்டர் தொங்குகிறது, எங்கள் வட்டியைவிடக் குறைவாக. அடமானம் வைக்கக் கார் இருக்கிறதாம். படித்த படிப்பைப் பறிமுதல் செய்ய முடியாது என்பதால்தான் எங்களுக்கு இந்த வட்டியோ என்னவோ.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். வீட்டுக்குள் நடக்கிற கணக்குதான் தாங்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவிடம் சொன்னேன், மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொட்டுகிற பணத்தில் பாதியை என் கடனில் கட்டிவிடுங்கள் என்று. முன்கூட்டிக் கட்டினால் அபராதம்கூட இல்லை. "ஊர் என்ன சொல்லும்" என்றார்கள். ஊர் வந்தது, மூன்று வகை இனிப்பு தின்றது, பாயசத்தில் முந்திரி குறைவு என்று சொல்லிவிட்டுப் போனது. இஎம்ஐ கட்ட ஊரில் ஒருவரும் வரவில்லை.

இப்போது மாமியார் முறை. "அது கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின கடன். அவங்க அப்பாதானே கட்டணும்?" அட, சம்பளம் மட்டும் இந்த வீட்டுச் சம்பளம், கடன் மட்டும் பிறந்த வீட்டுக் கடனா? பொண்ணு பி.இ., வேலைக்குப் போகிறாள் என்று பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் கொட்டை எழுத்தில் போடச் சொன்னதே இவர்கள்தான். அந்த இரண்டு எழுத்துக்குத்தானே கட்டிக்கொண்டிருக்கிறேன்! என் வீட்டுக்காரர் நல்லவர், "நம்ம கடன்மா" என்பார். ஆனால் அதைத் தன் அம்மா முன்னால் சொல்ல மட்டும் வாய் வராது.

என் கடன் பத்திரத்தில் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டவர். ஒரு மாதம் சம்பளம் தாமதமாகி ஆட்டோ டெபிட் திரும்பிப் போனால், வங்கியிலிருந்து போன் போவது ரிட்டயர் ஆன அந்த மனிதருக்கு. அவர் பதறி எனக்குப் போன் செய்வார். திரும்பிப் போனதற்கு அபராதம் தனி, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று மார்க் போடும் சிபில் ஸ்கோரில் என்னுடையதோடு அவருடையதும் சேர்ந்து சரியும்.

இத்தனைக்கும் நடுவில் "விசேஷம் உண்டா?" என்று ஆரம்பித்திருக்கிறார்கள். எல்கேஜி ஃபீஸுக்கு எந்த வங்கியில் லோன் தருகிறார்கள் என்று கேட்கிறவர்களே விசாரித்துச் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்.